தப்பாகச் சொன்ன வழி

மில்வாக்கியில் பிப்ரவரி.
கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிச் சுரண்டி
கடன் அட்டையின் முனை மழுங்கிவிட்டது.
இருபத்தொன்பது வயது. ஆபத்தை அளப்பது தொழில்:
வெள்ளம், தீ, நாற்பதைத் தாண்டிய ஆணின் நெஞ்சு,
எதற்கும் என்னிடம் ஓர் எண் உண்டு.
ஆகவே தெற்கே எந்த ஊர் என்பதையும்
எக்செல்லில்தான் தொடங்கினேன்.

வாடகை. சம்பளம். சொத்து வரி.
பின்னல் போடுகிறவளிடம் சனிக்கிழமை இடம் கிடைக்குமா.
அலுவலகத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்,
அல்லது நான் மட்டும்தானா.
மணமாகாத, வேலையுள்ள,
அம்மா வீட்டில் வசிக்காத ஆண்கள்
(இந்த நெடுவரிசையைச் சேர்த்தது கீஷானா).
கடைசி நெடுவரிசைக்குத் தலைப்பு வைக்கவில்லை.
இரவில், தனியே, பின்கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றால்
கைகளை எங்கே வைப்பது
என்பதை எந்த அலகில் எழுதுவது?

பட்டியலில் அலபாமாவைப் பார்த்துவிட்டு
அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
நான் அழித்தேன். ஏனென்று கேட்கவில்லை.

அட்லாண்டாவில் கீஷானா மொட்டைமாடியில் விருந்து வைத்தாள்.
அத்தனை பேரும் எங்கள் ஆட்கள்: டாக்டர், வக்கீல்,
இரண்டு நிறுவனம் தொடங்கி மூடிவிட்டு
மூன்றாவதற்கு முதல் தேடுகிறவன்.
பெயரைக் கேட்குமுன் வேலையைக் கேட்டார்கள்.
சந்தோஷமாகத்தான் இருந்தது,
ஆனால் நான்கு மணி நேரம் வயிற்றை எக்கிக்கொண்டே நின்றேன்.
திரும்பும்போது, ஏழு மைலுக்கு ஐம்பது நிமிட நெரிசலில்,
செருப்பைக் கழற்றியபடி அவளே சொன்னாள்:
"இங்கே தோற்கத்தான் இடமில்லை, ரெனிட்டா."

ஹூஸ்டனில் காட்டிய வீட்டில்
இடுப்பளவுக்குப் புது வெள்ளை, மேலே பழைய மஞ்சள்.
தரகர் சமையல் மேடைக் கல்லைத் தட்டித் தட்டிக் காட்டினார்.
நான் அந்தக் கோட்டையே பார்த்திருந்தேன்.
தண்ணீரின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

சார்லட்டில் எல்லாம் புதிது.
மரங்கள்கூட நேற்று நட்டவை, முட்டுக்கொடுத்திருந்தார்கள்.
குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன்.
வேறு எழுத எதுவும் இல்லை.

வந்தாரை வாழவைப்போம் என்கிறது
ஒவ்வோர் ஊரின் விளம்பரப் பலகையும்.
போனவர்கள் ஏன் போனார்கள் என்று
எந்தப் பலகையிலும் இல்லை.

டர்ஹமில் ஞாயிறு பகல். விமானத்துக்கு மூன்று மணி நேரம்.
புகையிலைக் கிடங்காக இருந்து
இப்போது குடியிருப்பாகிவிட்ட செங்கல் கட்டடம்.
படியேறும்போது இனிப்பாக ஒரு வாசனை,
நிஜமா, நானாக நினைத்ததா, தெரியவில்லை.
வாடகையைச் சொன்னதும் வாசனை போய்விட்டது.

வெளியே வந்து நடந்தேன்,
நெடுஞ்சாலை பழைய பேட்டையைப் பிளந்துகொண்டு போன பக்கம்.
சிக்னலில் ஒரு வண்டி என்னருகே நின்றது.
ஓட்டியவனுக்கு என் வயதிருக்கும்.
புதுச்சட்டையின் கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது.
பின்னிருக்கையில் ஒரு சிறுமி,
மடியில் கேக் பெட்டி, மூச்சுவிடாமல் பிடித்திருந்தாள்.
"ஃபெயட்வில் தெரு எந்தப் பக்கம்?"

என்னைக் கேட்டான்.
இங்கேயா வேலை செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள்,
இங்கேயா குடியிருக்கிறாய்,
இந்த வண்டி உன்னுடையதா என்று.
வழி கேட்டவர்கள் குறைவு.
"இடது. பாலத்துக்கு அடியில் போய் மறுபடி இடது,"
பிறந்ததிலிருந்து அங்கேயே கிடப்பவள்போலச் சொன்னேன்.
"நன்றி, சிஸ்." பச்சை விழுந்தது. போய்விட்டான்.

விமான நிலையத்தில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன்.
வலது.

மில்வாக்கியில் இறங்கும்போதும் பனி.
இந்நேரம் கேக்கின் கிரீம் உருகியிருக்கும்.
அந்த அக்காவுக்கு ஊர் தெரியாதா என்று
சிறுமி கேட்டிருப்பாள்.

சம்பளம் அட்லாண்டாவைவிட எட்டாயிரம் குறைவு.
தலைப்பில்லாத நெடுவரிசை இன்னும் காலி.
பரீட்சை எல்லாம் தேறிய, ஆபத்தை அளக்கும் நான்
டர்ஹமுக்கு நேரே ஆம் என்று தட்டிவிட்டு
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
அங்கே ஒருவனுக்கு வழி தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.