மெய்ப்பு

ஜிந்துப்பிட்டியில் ஓர் அச்சகத்தில்
இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன்.
பள்ளிக்கூட மலர்கள், கலியாண அழைப்பிதழ்கள்,
முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் கல்வெட்டுகள்.
பிறந்த திகதியையும் இறந்த திகதியையும்
இரண்டு தரம் வாசிப்பேன்.
செத்தவரின் பெயரில் பிழை விட்டால்
பிள்ளைகள் வந்து சண்டை பிடிப்பார்கள்.

அதனால்தான்,
மகரகமையில் முதல் அறிக்கை கைக்கு வந்தபோது
கட்டியின் அளவைப் பார்க்கவில்லை.
பெயரைப் பார்த்தேன்.
நான் கமலாசனி.
கமலாசினி என்று அடித்திருந்தது.
ஆங்கிலத்தில் ஒரேயோர் எழுத்து மாறாட்டம்,
தலையில் புள்ளி வைத்த எழுத்து.

அந்தப் புள்ளிக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.
கமலாசினி என்றொருத்தி இருக்கிறாள்,
மட்டக்குளியிலோ தெமட்டகொடையிலோ.
138இல் யன்னலோரம் இருந்து
நுகேகொடை தாண்டும்வரை
அவளுக்காக இரக்கப்பட்டேன், பாவம் என்று.
பிறகு அடியில் இருந்த இலக்கத்தை வாசித்தேன்.
என் கொப்பியில் உள்ள அதே இலக்கம்.

டொக்டர் ஹசந்தி பாதித் தமிழில்
கடிதவுறையின் பின்பக்கம் வட்டங்கள் கீறினார்.
இது கலம். உள்ளே இது கரு.
பிரியத் தயாராகும் கரு சாயம் பிடித்து மண்ணிறமாகும்.
சும்மா இருப்பது நீலமாகவே கிடக்கும்.
யாரோ நுணுக்குக்காட்டியில் குனிந்து எண்ணுகிறார்கள்.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
அந்தப் புரதத்தின் பெயரே ஓர் எண்தானாம், கி-67.
அறுபத்தேழுக்கு அறுபத்திரண்டா என்றேன்.
சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார்.

எங்கள் எழுத்தில் புள்ளி விழுந்தால்
க என்பது க் ஆகும்,
வாய் பாதியில் நிற்கும்.
இங்கே புள்ளி விழுந்தது
நிற்கவே மாட்டாது.

காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் பஸ்மியா.
எனக்கு ஓமோன் வாங்கிகள் உண்டு,
மாத்திரை கேட்கும் என்றார்கள்.
அவளுக்கு மூன்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை.
"இல்லை எண்டா நல்லம்தானே தாத்தா?"
அவள் அறிந்த சோதனையெல்லாம் அப்படித்தான்.
நான் வாங்கு, வாங்கி என்று
எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

பிறகு மருந்து.
முதல் நான்கு தரமும் சிவப்பு,
நான் பிழை திருத்தும் பேனையின் அதே சிவப்பு.
அது என்னைப்போல் பார்த்துப் பார்த்து வெட்டவில்லை.
சரியான சொற்களையும் அடித்துக்கொண்டு போனது:
தலைமயிர், புருவம்,
கால் விரல் நகம் இரண்டு,
புட்டின் ருசி.

வெட்டி எடுத்ததில் மிச்சமிருந்த துண்டை
மறுபடி சாயமிட்டு எண்ணினார்கள்.
ஒன்பது.
பஸ்மியாவுடையதில் எண்ணவே ஒன்றுமில்லை,
முழுதாகக் கரைந்துவிட்டது என்றார்கள்.
இந்தத் தரம் அவளுடைய இல்லை நல்ல இல்லை.
கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
நானும் சந்தோசப்பட்டேன்,
கொஞ்சம் பொறாமையும் பட்டேன், எழுதிவைக்கிறேன்.

ஒன்பது என்றால் எத்தனை வருடம் என்று கேட்டேன்.
"இறங்கியது நல்லது. வருடமாக மாற்ற எனக்குத் தெரியாது.
நூறு பேரைப் பற்றி அது சொல்லும்.
நூறில் நீங்கள் யார் என்று சொல்லாது, கமலாசினி."
கமலாசினி.
புதிய அறிக்கையிலும் அதே புள்ளி.
அறுபத்திரண்டு அவளுடையது என்றால்
ஒன்பதும் அவளுடையதுதானே.
கைப்பையில் சிவப்புப் பேனை இருந்தது.
எடுக்கவில்லை.
"ஓம் டொக்டர்" என்றேன்.

பின்னேரம் அச்சகத்துக்குப் போனேன்.
என் மேசையில் ஒரு கல்வெட்டு,
யாரோ கொட்டாஞ்சேனைப் பெண்,
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
என்ன வருத்தம் என்று போடவில்லை.
திகதிகளை இரண்டு தரம் வாசித்தேன்.
பிறகு, வழக்கமில்லை,
மூன்றாம் தரமும்.