சிவப்பு அம்பு

ரயில் பாலத்துக்கு அடியில்
ஒருத்தியை வரைந்து வைத்திருக்கிறார்கள்.
மூன்றாள் உயரம்.
தையல் மிஷின் முன்னால்
பல் தெரியச் சிரிக்கிறாள்.
திருப்பூர்ப் பெண்களின் பெருமைக்கு என்று
பக்கத்தில் எழுதியிருக்கிறது.

பதினோரு வருசமாக நான் செக்கிங் டேபிள்.
பனியனைத் திருப்பி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து
ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்ட தையலோ
எங்கே இருக்கிறதோ அங்கே
நகத்தளவு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
கண் அப்படியே பழகிவிட்டது.
கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காலரைப் பார்க்கிறேன்,
கோயிலில் அம்மன் புடவையின் ஓரத்தை.

பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில்
அவளையும் பார்த்துவிட்டேன்.

ஊசியில் நூல் இல்லை.
ஊசிக்கு நேர் கீழே விரல்,
ஒரு மிதி மிதித்தால் நகத்தோடு போகும்.
கூந்தல் விரிந்து பெல்ட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
பஞ்சு பறக்கிற இடத்தில் மூக்கில் துணி இல்லை.
டியூப்லைட் தொங்க வேண்டிய கம்பியில்
நிலா.

வரைந்த பிள்ளைகளைத் தெரியும்.
நாலு நாள் ஏணி வண்டியில் நின்று வெயிலில் காய்ந்தார்கள்.
டவுசர் போட்ட ஒருத்தி, முழங்கை வரை நீலம்,
என் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டு
"நல்லா இருக்காக்கா?" என்றாள்.
"நல்லா இருக்குது கண்ணு."
பொய்யில்லை.
நொய்யலில் எத்தனையோ நிறம் ஓடிப் பார்த்தவள் நான்,
அந்த நீலம் ஓடியதில்லை.

ஆனால் நிறத்துக்காக ஒரு பீஸ் பாஸ் ஆகாது.

சனிக்கிழமை, சம்பளம், ஒன்றரை ஷிப்ட்.
ஜாக்கெட்டுக்குள் ஒரு ஷீட் ஸ்டிக்கரோடு வந்தேன்.
முதல் அம்பு விரலுக்கு.
கூந்தலுக்குக் கை எட்டவில்லை,
கீழே நின்று மேலே பார்த்து ஒட்டினேன்.

திங்கட்கிழமை
விரலைச் சுற்றி ஆறு அம்பு.
நான் ஒட்டியது ஒன்று.
வசந்தாமணியைப் பார்த்தேன்.
அவள் கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்தாள்.

அப்புறம் பச்சை அம்பு வந்தது.
பச்சை எங்கள் கம்பெனியில் கிடையாது.
மஞ்சள் வந்தது.
சுவரை விட்டு இறங்கி
மூடியில்லாத சாக்கடையைக் காட்டின,
பஸ் ஸ்டாண்டு பெண்கள் கழிப்பறையின்
தாழ்ப்பாள் போன ஓட்டையைக் காட்டின.
எங்கள் டைம் ஆபீஸ் கடிகாரத்தில் ஒன்று இருந்தது.
அது காலையில் சரியாக ஓடும்,
சாயங்காலம் கொஞ்சம் தாமதிக்கும்.

"ஓவியம்னா ரசிக்கோணுமுங்க,
குத்தம் பாக்கக் கூடாது"
என்றார் வாட்ச்மேன் தெய்வசிகாமணி,
டீயை ஆற்றிக்கொண்டே.
இருக்கலாம்.
அந்தப் பாலத்தடியில் தினமும் ஆயிரம் வண்டி போகிறது.
அருமை என்று சொல்லிவிட்டு
சிக்னல் விழுந்ததும் போய்விடுகிறார்கள்.
அவள் இடது கையில் வளையல் எத்தனை என்று
நான் சொல்வேன்.
ஒன்று விரிசல் விட்டது.
அதை வரைந்தவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

பதினைந்து நாளில் மாநகராட்சி ஆட்கள்
சுரண்டியோடு வந்தார்கள்.
ஸ்டிக்கரோடு பெயிண்டும் வந்துவிட்டது.
இப்போது அவள் விரலில்
சிமெண்டு நிறத்தில் ஆறு சின்ன அம்புகள்,
இனி யாராலும் உரிக்க முடியாது.
என் ஆள்காட்டி விரலிலும் ஒன்று இருக்கிறது,
செக்கிங்குக்கு வருமுன் ஓவர்லாக் போட்டது.

நீ ஏன் அந்தச் சிரிப்புக்கு ஒட்டவில்லை என்று
வசந்தாமணி கேட்டாள்.
அதுதானே முதல் பொய் என்றாள்.

இல்லை.
லைனில் நாங்கள் சிரிப்பதுண்டு.
சூப்பர்வைசர் டீக்குப் போனதும்,
கடைசி மிஷினில் யாரோ ஆரம்பித்து,
எதற்கென்று தெரியாமலே,
பல் தெரிய.