கேட் போட்டிருக்கிறது

கார்த்திகை பிறந்தால்
நாவரசு தெருவில் இறங்க முடியாது.
வருஷம் முழுக்கப் போடுகிற அதே கறுப்புச் சட்டைதான்.
தாடி, சோம்பலில் விட்டது.
"எத்தனாவது மலை சாமி?" என்று
டீக்கடையில் காசு வாங்க மறுக்கிறார்கள்.
கொத்தனார் ஒருத்தர் காலிலேயே விழுந்துவிட்டார்.
தூக்கி நிறுத்தி
"நான் அந்தக் கறுப்பு இல்லீங்க, இது வேற கறுப்பு" என்று
நடுரோட்டில் கால்மணி நேரம் விளக்கியிருக்கிறான்.
"அதனால இன்னா சாமி" என்றாராம் அவர்.

எனக்கு அந்த வசதியும் இல்லை.
நான் கட்டினால் அது வெறும் கறுப்புப் புடவை.
என்னிடம் இருப்பதெல்லாம் ஒரு நெற்றி,
அதில் ஒன்றும் இல்லை என்பது.

ஒன்றும் இல்லாததைத்தான்
எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.
"மாதா கோயிலாம்மா?" என்று கேட்டுக்கொண்டு
அதற்குத் தோதான தெருவாகப் பார்த்து
வீடு காட்டினார் ராயபுரம் புரோக்கர்.
ஐஸ் கம்பெனியில், "மேடம், பொட்டு விழுந்துடுச்சு."
காசிமேட்டில் கூறு கட்டி விற்கும் தேசம்மா
ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள்.
"சின்ன வயசு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு
இரண்டு கை நெத்திலி கூடுதலாகப் போட்டாள்.
நான் மறுக்கவில்லை.
அன்று ராத்திரி, உயிரோடிருக்கும் என் புருஷன்
அதை மொறுமொறுவென்று வறுத்துத் தின்றான்.
எங்கள் வீட்டு நாத்திகத்தின் மொத்த வருமானம் இதுவரை
பதினோரு டீ, இரண்டு கை நெத்திலி.

ஒரு பேட்ஜ் வாங்கி வந்தான்.
"நீ சொல்லலன்னா அவங்களே ஒண்ணு சொல்லிடுவாங்க, குத்திக்கோ."
சாமி இல்லை என்பதற்கும் ஒரு விபூதியா என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.
அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது,
அதை அவனிடம் சொல்லவில்லை.
ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம்
கை ஈரம், அப்புறம் என்று
ஏழு வருஷமாக ஒரே பொய்.

கொருக்குப்பேட்டை கேட்.
போட்டால் போட்டதுதான்.
எண்ணெய் டேங்கர்கள் ஒன்றின் பின் ஒன்றாக,
ஷேர் ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக்
கொட்டாவி விடுவார்.
என் எதிரே ஜவுளிக்கடைப் பெண்.
கழுத்தில் தொங்கும் அட்டையில் கு. யாமினி.
தினமும் ரயில் சத்தம் தொடங்கியதும்
நெற்றிப் பொட்டை நகத்தால் பெயர்த்து
அந்த அட்டையின் பின்பக்கம் ஒட்டுகிறாள்.
சாயங்காலம் இதே கேட்டில்
அங்கிருந்து எடுத்து மறுபடி நெற்றியில்.
மூன்று நாள் பழைய பொட்டு,
பசை போய், ஓரம் மடங்கி.

காரணம் எனக்குத் தெரியாது.
கடை சொல்லியிருக்கலாம்.
பையன் யாராவது இருக்கலாம்.
அரிப்பாக இருக்கலாம்.
எடுத்த இடத்தில் மட்டும்
வெளுத்த வட்டம் ஒன்று நிற்கும், சரியாகப் பொட்டளவு.
எனக்கும் இருக்கிறது.
ஒட்டுவதை நிறுத்தி ஒன்பது வருஷம்.
கண்ணாடியில் வெளிச்சம் சாய்ந்தால் தெரியும்.

நேற்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அக்கா, நீங்களும் அதானே?"

எது என்று கேட்க வாயெடுத்தேன்.
சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.
மாதாவா, தாலி அறுத்தவளா,
பசை ஒத்துக்கொள்ளாத தோலா,
இல்லை
"ஆமா" என்றேன்.

மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைக் காலடியில் இறக்கி
அவள் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.
மாறி உட்கார்ந்தேன்.
என் கைப்பைக்குள் அந்த பேட்ஜ்
உள்துணியில் குத்தியபடியே கிடந்தது.
இன்னும் பதினேழு டேங்கர் இருக்கிறது என்றாள்,
எண்ணியிருக்கிறாள்.