மெய்ப்பு

மஞ்சக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து
பென்டிரைவில் வந்தார்கள் நாலு பேர்.
இரண்டாயிரம் பிரதி, ஒரே கலர், விடிவதற்குள்,
என்றார் ஏட்டு.
பில் யார் பேருக்கு சார் என்றேன்.
முதல்ல அடிம்மா என்றார்.

இதே கம்ப்யூட்டரில்தான் போன மாதம்
சேர்மன் இளவழுதிக்குப் பிறந்தநாள் அடித்தேன்.
போன வாரம் கண்ணீர் அஞ்சலி.
படம் அதேதான், சிரிப்பும் அதேதான்.
பின்னாலிருந்த வாணவேடிக்கையை அழித்து
ஒரு மெழுகுவத்தி வைத்தேன், அவ்வளவு.
லாரன்ஸ் ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்த
ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்களாம்.
ரயில் போய் கேட் திறந்தபோது
அவர் காரின் வைப்பர் மட்டும்
வெயிலைத் துடைத்துக்கொண்டிருந்ததாம்.

வெட்டிய வடிவழகனுக்கு ஐந்து லட்சம்.
உடனிருந்த இருவருக்குத் தலா ஒன்று.
வண்டி ஓட்டிய நாலாமவன் படம்
ஏதோ நகைக்கடை கேமராவில் எடுத்தது,
தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி.
பெயர் தெரியவில்லை. வயது சுமார் 22.
இடது புருவத்தில் தழும்பு.
ரூபாய் ஐம்பதாயிரம்.

அந்தத் தழும்பு எங்கள் கடை ஷட்டர் போட்டது.
காபித்தூள் அப்பியவள் நான்.
எரியுதுக்கா, எரியுதுக்கா என்று குதித்தவன்
அன்றைக்கும் ராத்திரி முந்நூறு ஒட்டிவிட்டுத்தான் போனான்.
ஒட்டுக்கு மூன்று ரூபாய், பசை அவனுடையது.
மைதா காய்ச்சும்போது மயில்துத்தம் கலப்பான்,
மாடு வாய் வைக்காது.
மைதாவுக்கு வாங்கிய முந்நூற்று நாற்பது
இன்னும் எனக்குத் தரவில்லை.

ஐம்பதாயிரத்தை மூன்றால் வகுத்துப் பார்த்தேன்.
பதினாறாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு சுவரொட்டி.
மிச்சம் இரண்டு ரூபாய்.

ஏட்டு என் தோளுக்கு மேல் குனிந்து
சுழியங்களை விரலால் எண்ணினார்.
எல்லாம் சரியா இருக்காம்மா?
தழும்புல ஒரு புள்ளி விட்டுப்போச்சு சார்,
வச்சிட்டேன் என்றேன்.
'பெயர்' என்பதற்குப் பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
நான் மெஷினுக்கு அனுப்பிவிட்டேன்.

நல்லவள் என்று நினைக்காதீர்கள்.
அடகில் என் இரண்டு வளையல் கிடக்கிறது.
அன்றும் மறுநாளும் ராத்திரி
அந்த நம்பரில் ஒன்பது இலக்கம் வரை அழுத்தினேன்.
ஒன்பது வரைக்கும்
யாருக்கும் மணி அடிப்பதில்லை.

ஒட்ட ஆள் கிடைக்கவில்லை.
ஊர்க்காவல் படையில் இரண்டு பேரும்
ஒரு ஆட்டோக்காரரும் போனார்கள்.
எங்கு பார்த்தாலும் கோணல், கொப்புளம்,
முதுநகரில் ஒன்று தலைகீழாக.
கெடிலம் பாலத்தடியில் ஒரு மாடு
ஏழரை லட்சத்தையும்
நின்று நிதானமாக மென்றதைப்
பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
பில் இன்னும் பாஸாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குப் புதுச்சேரி போனேன்.
முள்ளோடை செக்போஸ்ட் தாண்டி
அந்தப் பக்கத்து அரசாங்கம் ஆரம்பிக்கிற இடத்தில்
பிராந்திக் கடைச் சுவர்.
ஏட்டின் ஆட்கள் எல்லை தாண்டி ஒட்டவில்லை,
பசை தீர்ந்துவிட்டதாம்.
ஆனாலும் அங்கே ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று.
நூல் பிடித்த மாதிரி. ஒரு கொப்புளம் இல்லை.
ஓரமெல்லாம் காய்ந்த நீலம்.

பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.
வரிசைத் தட்டோடு
சுவருக்குக் கிட்டே போய் நின்றேன்.
குடித்துவிட்டு வந்த ஒருவர்
யாரும்மா, சொந்தமா என்றார்.
இல்லை, நான் அடிச்சது என்றேன்.
பெருவிரல் நகம்
நாலு மூலையிலும் தேடிப் பார்த்தது.
கிழிக்க
ஒரு முனைகூட விடாமல் ஒட்டியிருந்தான்.