தறிச் சத்தத்துக்கு மேலே

அம்மிச்சி சாமியிடம் கத்தித்தான் பேசுவாள்.
சோமனூரில் எங்கள் சந்தில்
இரண்டு பக்கமும் விசைத்தறி.
"சித்தெ மெதுவாச் சொல்லலாமே" என்று
பங்குச் சாமியாரே சொல்லிப் பார்த்தார்.
"இந்தச் சத்தத்துல அவருக்கு எப்பிடிங் சாமி கேக்கும்?"

கரண்டு போன பொழுதிலும்
அதே குரல்தான்.
சந்து முழுக்கக் கேட்கும்
ஐம்பத்துமூணு மணிச் செபமும்
பின்னாலேயே எங்கள் வீட்டுக் கடன் கணக்கும்.

ரேஷன் அட்டையில் வயது எண்பத்திரண்டு.
கோயில் புத்தகத்தில் எண்பத்தாறு.
அவளைக் கேட்டால்,
பவானிசாகர் அணைக்கு மண் சுமக்க அப்பன் போன வருஷம்
நான் பாவாடை கட்டுன புள்ளை என்பாள்,
மிச்சத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

முப்பத்தொன்றில் தாலி இறங்கியது.
தாத்தன் விட்டுப்போனது
ஐந்து பிள்ளைகள், முடியாத ஒரு சீட்டு.
அழுதாளா, யாருக்கும் தெரியாது.
நாலாம் நாள் கூலித்தறியில்
அவள் நாடா ஓடிய சத்தம்
பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

ஜெபமாலை அறுந்தால் புதுசு வாங்கமாட்டாள்.
பாவு நூலை எடுத்து
நெசவு முடிச்சொன்று போட்டுக்கொள்வாள்.
நாலாம் பத்தில் ஒரு மணி குறையும்.
அந்த இடம் வந்ததும் விரல்
வெறும் முடிச்சைத் தடவி
அதையும் ஒரு மணியாய் எண்ணிக்கொண்டு போகும்.

புனிதை ஒன்றும் இல்லை.
ஒரு பித்தளை அண்டாவுக்காக
ஸ்டெல்லா அத்தையோடு ஆறு வருஷம் பேச்சில்லை.
"லூர்து பொண்டாட்டிக்கு நல்ல புத்தியக் குடும் ஆண்டவரே"
என்று மட்டும்
அடுப்படிப் பக்கம் திரும்பி வேண்டுவாள்.

செபம் முடிந்தால் பேர் வரிசை.
சவேரியான், இன்னாசி, அந்தப் புள்ளை,
மதலேனாள், லூர்து, பவுலீனா.
அப்புறம் பேரன் பேத்தி, சம்பந்தி வீட்டு ஒறம்பரை,
எதிர்த்தறி பாவாத்தாளின் முழங்கால் வலி.
அந்தப் புள்ளை என்றால்
யாரோ தூரத்துச் சொந்தம் என்றிருந்தேன்.

கருமத்தம்பட்டித் தேருக்கு வருஷம் தவறாமல் நடப்பாள்,
செருப்பில்லாமல்.
நேர் ரோடு இருக்க
தோட்டத்துக் கிணற்றுமேட்டைச் சுற்றிக்கொண்டு போவாள்.
"ஏனம்மிச்சி?"
"வேம்படி மண்ணு, காலுக்குக் குளுகுளுன்னு இருக்குது கண்ணு."

அவள் போன அன்று
சந்தில் எல்லாத் தறியையும் நிறுத்தினார்கள்.
அவ்வளவு அமைதியில்
எங்கள் செபம் எங்களுக்கே கூச்சமாய் இருந்தது,
அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.
பெரிய மாமா வரிசையைச் சொன்னார்:
சவேரியான், இன்னாசி,
அப்புறம் நின்றுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாதான் சொன்னாள்,
என்னைப் பார்க்காமல், ஐஸ்பெட்டி மேல் விழுந்த
சாமந்தி இதழைப் பொறுக்கிக்கொண்டே.
"சின்னண்ணனுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணு.
அரை ராத்திரி இருந்துது.
ஆபத்துன்னா ஆரு வேணா தலையில தண்ணி ஊத்திப்
பேர் வெக்கலாமாம்.
அவளுக்குத் தெரியில. இருவது வயசு. கூட ஆருமில்ல.
கோயில் புத்தகத்துல ஏறல, கல்லறையில எடமில்ல."
கொஞ்சம் கழித்து,
"பக்கத்துலயே சொம்பு நெறைய தண்ணி இருந்துதாம்."

அறுபத்தைந்து வருஷம்.
எழுதாத ஒரு பேரை
தினமும் பொழுதோடு
தறிச் சத்தத்துக்கு மேலே
தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து
வீட்டில் செபத்துக்கு உட்கார்ந்தோம்.
தறிகள் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டன.
திருப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து
நான் முட்டி போட்டதில்லை.
அன்று போட்டேன்.
அம்மிச்சி பேரைக் கடைசியில் சேர்க்கலாம் என்றார் மாமா.
அம்மா கேட்கவில்லை.
சவேரியான், இன்னாசி,
ரபேலம்மா, அந்தப் புள்ளை
என்று ஒரே மூச்சில் சொல்லிப்போனாள்,
குரல் பாதியில் கம்மிவிட்டது.

அடுப்படியில் அண்டா கழுவிக்கொண்டிருந்த
ஸ்டெல்லா அத்தை
கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:
"கேக்குலீங் நங்கை.
இன்னுஞ் சத்தமாச் சொல்லுங்."