மூச்சுக் கணக்கு

அவளை ஈரமாகவே வைத்திருப்பதுதான்
அன்றைக்கு எனக்கு வேலை.
குந்துகால் கரையில், விடிந்தும் விடியாமல்
மஞ்சள் புடவையில் நின்றாள்.
"காயக் காய ஊத்தணும்க்கா"
என்று வாளியைக் கொடுத்தான் ஒரு பையன்.
பாசிக்குப் போனால் முந்நூறு தேறாது.
இதற்கு ஐந்நூறு.

வாடைக் காற்று.
எட்டாவது வாளியில் உதடு நீலம் பாரித்தது.
அதை மறைக்கவும் ஒரு சாயம் வைத்திருந்தார்கள்.

உச்சிப்பொழுதில் நம்புரதியும் மற்றவர்களும்
கடலிலிருந்து ஏறினார்கள்.
ஆம்பளைச் சட்டை, விரலெல்லாம் துணிச் சுற்று,
காலில் கட்டிய அலுமினியத் தட்டு.
அவர்களும் நனைந்துதான் இருந்தார்கள்.
"ஃபிரேமை விட்டு விலகுங்கம்மா" என்றது ஒலிபெருக்கி.
நம்புரதி விலகவில்லை.
மரிக்கொழுந்துப் பாசி மூட்டையை
நட்டநடுவே இழுத்துக்கொண்டு போனாள்.
அந்தத் தடத்தை அழிக்க
இரண்டு பேர், இரண்டு விளக்குமாறு.

எனக்கும் அவளுக்கும் ஒரே தம்ளர் கடுங்காப்பி.
உள்ளே எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று
சாடையில் கேட்டாள்.
மூக்கைப் பிடித்துக் காட்டினேன்.
தானும் பிடித்து, கன்னம் உப்பி,
தாங்காமல் வெடித்துச் சிரித்தாள்.
கேமரா எதுவும் அப்போது ஓடவில்லை.

மாசியில் பாட்டு வந்தது, மகனின் போனில்.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்;
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
இடுப்புக்கு ஒரு முழு முக்குளிப்பு,
அதற்குள் நான் இரண்டு கை பாசி அறுத்திருப்பேன்.
முதுகுக்குப் பாதி.
கழுத்தில் வழிகிற தண்ணீர், நான் ஊற்றியது,
காது இரைகிற வரைக்கும் வழிந்தது.
முகம் வந்தது.
மூச்சு இழுப்பதற்குள் போய்விட்டது.

மீன் என்கிறான் அவளை, முத்து என்கிறான்,
கணுக்கால்கூட நனையாதவன்.
மீனைப் பிடித்தால் என்ன செய்வோம் என்று
இந்தக் கரையில் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மகன் விரலால் பின்னுக்குத் தள்ளினான்,
மறுபடியும் அந்த இடுப்புக்கு.
பதினைந்து வயது. நான் இருப்பதை மறந்திருந்தான்.

"அன்னைக்குச் சாயங்காலம்
அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல்டா.
வேன்ல படுக்கவச்சுதான் கொண்டுபோனாங்க."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
போனைக் கவிழ்த்து வைத்தான்.
பாயில் முகம் புதைந்தபடி
பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.