காற்றை நிறுத்துகிறவன்

மூன்றாம் நாளாக மழை.
மும்பையில் ஜூலை என்றால் அப்படித்தான்.
அரங்கில் பதினெட்டு மின்விசிறி.
பதினேழு சுற்றும்.
அவற்றின் பொத்தான் பலகைக்குக் கீழே
கால் ஒன்று விரிசல் விட்ட பிளாஸ்டிக் முக்காலி.
பல்கலைக்கழகத்தில் எனக்கென்று ஓர் இருக்கை
இருக்கிறதென்றால் அது இதுதான்.

கல்வியாண்டுத் தொடக்க விழா.
புதுப் பிள்ளைகள் அறுநூறு பேர்.
குடைகளிலிருந்து வடிந்து
நாற்காலிக்கு நாற்காலி ஒரு குட்டி அரபிக்கடல்.
கழுத்தில் தொங்கும் அட்டைகளில்
அவர்கள் முகம் இன்னும்
பள்ளிச் சீருடையில் இருந்தது.

மேடையில் குத்துவிளக்கு.
இங்கே அதற்குச் சமயி என்று பேர்.
சுனந்தா பாய் நேற்றே புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.
ஐந்து முகம், ஐந்து திரி,
ஏற்ற ஐந்து பெரியவர்கள் என்பது கணக்கு.
வந்தது நால்வர்.
சிறப்பு விருந்தினர்
கிங் சர்க்கிள் தண்ணீரில் நின்றுபோன காருக்குள்
இன்னும் உரையைத் திருத்திக்கொண்டிருப்பதாகத் தகவல்.

பதிவாளர் கார்கானிஸ் என்னைப் பார்த்து
உள்ளங்கையைக் கீழே அமர்த்தினார்.
வருடத்துக்கு ஒருமுறை வரும் சைகை.
டக், டக், டக் என்று வரிசையாக அணைத்தேன்.
காற்று நின்றது.
அறுநூறு பேரின் ஈரம் எழும்பிக்
கூரையில் முட்டித் திரும்பி வந்தது.
யாரோ அழைப்பிதழால் விசிறினார்கள்,
யாரோ அதட்டினார்கள்.

முதல் திரி பற்றியது.
இரண்டாவது, புகைப்படக்காரருக்காக
இரண்டு தடவை பற்றியது.
மூன்று.
நான்கு.
ஐந்தாவதன் முன்னால் மெழுகுவர்த்தி வந்து நின்று,
நீங்கள் ஏற்றுங்கள், இல்லை நீங்கள் என்ற
மரியாதையில் உருகிச் சொட்டி,
கடைசியில் தாம்பாளத்தில் படுத்துக்கொண்டது.

"அணையாத இந்த ஒளி..." என்று
ருதுஜா ஒலிபெருக்கியில் ஆரம்பித்தாள்.
கார்கானிஸின் கை மேலே போனது.
நான் தட்டினேன்.
பதினேழும் கிறங்கிக் கிறங்கி வேகம் பிடித்தன.
நான்கு சுடரும் சபைக்கு வணக்கம் சொல்வதுபோல்
ஒருமுறை குனிந்தன.
நிமிரவில்லை.
நூல் நூலாக நான்கு புகை.

பதினோரு வருடமாக இப்படித்தான்.
ஏற்றி முடித்த பிறகு
விளக்கை யார் பார்க்கிறார்கள்?

இந்த வருடம் ஒருத்தி பார்த்தாள்.
கடைசிக்கு முந்தின வரிசை.
ஈரத் துப்பட்டாவை முன் நாற்காலியின் முதுகில்
விரித்துப் போட்டிருந்தவள்.
புகையைப் பார்த்தாள்.
அண்ணாந்து விசிறியைப் பார்த்தாள்.
கம்பி போகும் குழாய் வழியே கண்ணை ஓட்டி,
மூலையில் திரும்பி, சுவரிறங்கி,
பலகையில் கை வைத்திருந்த
என்னிடம் வந்து நின்றாள்.
இயற்பியலாகத்தான் இருக்க வேண்டும்.
நான் தோளைக் குலுக்கினேன்.
அவள் கழுத்து அட்டையைத் தூக்கிச் சிரிப்பை மறைத்தாள்.

அதன்பின் மேடையில்
ஒளியைப் பற்றி நாற்பது நிமிடம்.

எல்லாம் முடிந்து, சுனந்தா பாய்
விளக்கெண்ணெயைப் புட்டியில் திரும்ப ஊற்றுகையில்
திருப்புளிப் பையோடு வராந்தாவுக்கு வந்தேன்.
தூணருகே அவள், தொலைபேசியில்.
தமிழ்!
எந்த ஊர்த் தமிழ் என்று
தாராவியில் பிறந்த எனக்குப் பிரிக்கத் தெரியாது.

"ஆமாம்மா, இப்பதான் முடிஞ்சுது...
சாப்பிட்டேன், சாப்பிட்டேன்...
ம், விளக்கெல்லாம் ஏத்துனாங்க...
ஐயோ, இல்லம்மா, அணையல.
அஞ்சும் எரிஞ்சுது.
நின்னு எரிஞ்சுது."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு திரும்பி, என்னைக் கண்டு,
மனப்பாடம் செய்த இந்தியில் கேட்டாள்,
நூற்றுப் பதினான்காம் அறை எங்கே என்று.

ஒரு தமிழ்ச் சொல் போதும்.
எங்கோ ஒரு சமையலறையில்
இந்நேரம் எரிந்துகொண்டிருக்கும் ஐந்தையும்
நான் அணைத்துவிடலாம்.

நேரே போய் இடப்பக்கம்,
படி வழுக்கும், பார்த்துப் போ
என்று இந்தியிலேயே சொன்னேன்.